விஜயதசமியன்று நான் அடித்த ஒரு வரி

1

இந்தக் குறிப்பை நான் நான்கு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்குப் பதிலாக வின்னிபெக்கின் கோடைக்காலக் கொசுவைப் பற்றி ஒரு கட்டுரையும், இங்கே கறிவேப்பிலைக்கு அலைவதைப் பற்றி இன்னொன்றும் எழுதி அனுப்பினேன். இரண்டும் இந்தப் பத்திரிகையில் வந்தன. வாடிப்பட்டியிலிருந்து என் பள்ளித் தோழன் ஒருவன், "மாப்ள, இம்புட்டுத் தூரம் போயும் நம்ம மண்ண மறக்கலையேடா" என்று கடிதம் போட்டிருந்தான். மண்ணை மறக்காமல் இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. மனிதர்களை நினைப்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

கனடாவுக்கு வந்து எட்டு வருடமாகிறது. அதில் ஏழு வருடமாக ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. ஊரில் என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. செய்வது இவ்வளவுதான்: பெட்டி பெட்டியாக நிற்கும் டிஸ்க்குகளில் இந்த ஊர் ஜனங்களின் விவரமெல்லாம் இருக்கிறது. எது எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும், எதைப் பிரதி எடுக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று நான் ஒரு திரையின் முன் உட்கார்ந்து கட்டளை அடிக்கிறேன். ஒரு வரிதான். முதல் சொல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். அதன் பின்னால் வரும் எழுத்துகளும் எண்களும் எதிலிருந்து, எதற்கு, எப்படி என்பதைச் சொல்லும். அவற்றுக்குப் பாராமீட்டர் என்று பெயர். முதல் சொல்லைத் தப்பாக அடித்தால் மிஷின் புரியவில்லை என்று சொல்லிவிடும், ஆபத்தில்லை. பின்னால் வருவது தப்பானால் ஒன்றும் சொல்லாது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும்.

இந்த ஜூன் மாதம் டிஸ்க் பிரிவு முழுவதற்கும் பொறுப்பான வேலை ஒன்று காலியானது. பத்து வருட அனுபவம் வேண்டும் என்றார்கள். இங்கே ஏழு, மதுரையில் ஒரு மில்லில் மூன்று. கூட்டினால் சரியாக வந்தது. ஆனால் மதுரை மூன்றுக்கு அத்தாட்சி வேண்டுமாம். கையில் இருந்த பழைய சான்றிதழ் போதாது, கூட இருந்து பார்த்த ஒருவர் இப்போது உறுதி சொல்ல வேண்டுமாம்.

கேட்டவள் பெர்சனல் ஆபீஸில் இருக்கும் ஜோன். ஏழு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தபோது, படிப்பு முடித்தவன் என்ற அர்த்தத்தில் 'நான் மதுரையில் பாஸ்ட் அவுட் ஆனவன்' என்று நான் சொன்னதைக் கேட்டு, எனக்கு மயக்கம் வரும் வியாதி உண்டு என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் அனுப்பியவளும் இவள்தான். இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். அதிலிருந்து இவளிடம் பேசும்போது நான் ஒவ்வொரு சொல்லாக அளந்துதான் விடுவேன்.

"அந்த மில் இப்போது இருக்கிறதா?"

"இல்லை, மூடிவிட்டார்கள்."

"உங்கள் மேனேஜர்?"

"இறந்துவிட்டார்."

"அப்படியானால் உங்களோடு அதே அறையில் வேலை பார்த்த வேறு யாராவது? உறவினராக இருக்கக் கூடாது."

அந்த அறையில் வேலை பார்த்தது மூன்றே பேர். மேனேஜர், நான், மலைச்சாமி. மலைச்சாமி எனக்கு உறவினனாக இருக்க வாய்ப்பே இல்லை. அவன் அப்பாவும் சித்தப்பாக்களும் எங்களைப் போன்றவர்களின் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள்.

"இருக்கிறார்" என்றேன். ஜோன் ஒரு படிவத்தை நீட்டினாள்.

2

மலைச்சாமி பேரையூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். படிவத்தோடு கடிதம் எழுதினேன். 'அன்புத் தம்பி' என்று ஆரம்பித்தேன். நேரில் இருந்த காலத்தில் அவனை ஒரு நாளும் நான் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள சேகரண்ணனுக்கு, மலைச்சாமி எழுதுவது. நலம். உங்கள் கடிதமும் பாரமும் கிடைத்தது. கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ரூமில் மூணு வருசம் இருந்தது நிஜம்தானே. ஆனால் எனக்கு நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அன்றைக்கு விஜயதசமிக்கு மிஷினில் அடித்தது நீங்கள் என்று நீங்கள் எழுதுகிற பத்திரிகையில் ஒரு தடவை எழுதுங்கள். எங்கள் அண்ணன் இன்னமும் என்னோடு பேசவில்லை. நான் சொன்னால் நம்பாது. நானே வாசித்துக் காட்டினாலும் இட்டுக்கட்டி வாசிக்கிறேன் என்று சொல்லும். அந்தப் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடைக்கு வருகிறது. வேறு யாராவது சத்தமாக வாசித்து அது காதில் விழ வேண்டும். பேப்பரில் என் பேர் இருந்ததால் வந்தது இது, பேப்பரில்தான் போக வேண்டும். வந்ததும் பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கேஸ் கீஸ் எதுவும் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்."

நான் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் மீனாட்சிக்குப் பதின்மூன்று வயது, பள்ளியில் அவள் பெயர் மினா. டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், யார் எழுதியது என்று கேட்டாள்.

"பழைய வேலைக்காரன் ஒருத்தன். உதவி கேட்டு எழுதியிருக்கான்" என்றேன்.

"அப்படியானால் செய்ய வேண்டியதுதானே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடிதம் மேஜை மேல் விரிந்தபடியே கிடந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிள்ளைக்குத் தாய்மொழி போய்விட்டதே என்று இதே பத்திரிகையில் இரண்டு பக்கம் புலம்பி எழுதியவன் நான். அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மில் காளவாசலைத் தாண்டி மேற்கே இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு அலமாரி உயர மிஷின், அதன் பக்கத்தில் இரண்டு டிஸ்க் பெட்டிகள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எண், இன்னொன்றுக்கு ஒன்று. திரை கிடையாது. டைப்ரைட்டர் போல ஒரு சாதனம் இருக்கும். நாம் அடிப்பதும் மிஷின் பதில் சொல்வதும் ஒரே நீளக் காகிதத்தில் பதிவாகிக்கொண்டே போகும். காலையில் யார் தன் பெயரைக் கொடுத்து மிஷினைத் திறக்கிறாரோ அவர் பெயர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விழும்.

டிஸ்க்கைக் கழற்றி எடுக்கலாம். கனமான தட்டு அடுக்கு, மேலே கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் மூடி. எங்களிடம் இரண்டு இருந்தன. அன்றாட விவரம் ஏறும் அசல் ஒன்று, எப்போதாவது பிரதி எடுத்து வைக்கும் நகல் ஒன்று. எது எது என்று மூடியின் மேல் ஒட்டிய சீட்டில்தான் எழுதியிருக்கும்.

அந்த அசலில் பதிலித் தொழிலாளர்களின் வருகை இருந்தது. வழக்கமான ஆள் வராத நாளில் வேலை கிடைப்பவர்கள் பதிலிகள். இத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று ஒரு கணக்கு உண்டு. கேட்டில் அவர்கள் கொடுக்கும் சீட்டைப் பார்த்து மலைச்சாமி மிஷினில் ஏற்றுவான். ஏற்றிய சீட்டுகளை மேனேஜர் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுவார். காளவாசல் வடைக் கடையில் அந்தச் சீட்டில் மடித்த வடையை நானே தின்றிருக்கிறேன்.

மலைச்சாமியின் அண்ணன் கருப்பையாவும் அங்கே ஒரு பதிலி. தம்பி பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போன மனிதர். இன்னும் ஒரு மாதம் வேலை பார்த்தால் அவருக்கு நிரந்தரம் என்றிருந்தது. மலைச்சாமி அண்ணனின் நாட்களை மனப்பாடமாக வைத்திருந்தான்.

வேலையில் அவன் என்னைவிடக் கெட்டி. ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் என்னென்ன சேர்க்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். "முன்னாடி இருக்கிற சொல்லு எல்லாருக்கும் தெரியும்ணே. பின்னாடி போடுறதுலதாண்ணே இருக்கு சங்கதி" என்பான். மேனேஜர் வைக்கச் சொன்னபடி அவன் தண்ணீர் டம்ளர் தனியாக மேஜைக்கு அடியில் இருந்தது. மூன்று வருடமும் அங்கேயே இருந்தது. நான் நிரந்தரம், அவன் தற்காலிகம்.

ஆயுத பூஜைக்கு மேனேஜர் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, மூடி போட்டு, சரஸ்வதி படத்தின் முன் வைத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பச் செய்வார். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் முதல் கட்டளை அடிக்க வேண்டும். அந்தக் கட்டளையும் ஏனோதானோ என்று இருக்கக் கூடாது. "பெருகுற வேலையா அடிப்பா" என்பார். பிரதி எடுப்பதென்றால் ஒன்று இரண்டாகிறது, ஆகவே அதுதான் மங்களமான வேலை என்று முடிவு செய்திருந்தார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிரதி எடுக்கச் சொன்னால், எந்த டிஸ்க்கின் மேல் எழுதப் போகிறதோ அதன் பெயரைச் சொல்லி, 'இதில் இருப்பதை அழிக்கலாமா?' என்று மிஷின் கேட்கும். முந்தின வருடம் விஜயதசமிக்குக் காகிதத்தில் விழுந்த முதல் வார்த்தையே அதுதான். மேனேஜர் முகம் சுண்டிப் போனது. "நல்ல நாளும் அதுவுமா அழிக்கவான்னு கேக்குது பாரு சனியன். அடுத்த வருசம் அது கேக்கக் கூடாது."

கேட்காமல் இருக்க வழி இருந்தது. கட்டளையின் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் மிஷின் கேள்வி கேட்காமல் வேலையைச் செய்துவிடும். மலைச்சாமியின் நோட்டில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் 'இதைப் போட வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் அந்த நோட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த விஜயதசமி காலையில் மலைச்சாமி முன்னதாகவே வந்து மிஷினைத் திறந்து வைத்திருந்தான். அவன் பெயரில்தான் திறந்திருந்தது. ஆனால் முதல் கட்டளையை அவன் அடிக்கக் கூடாது, டிஸ்க்கையும் அவன் தொடக் கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சேகருக்குத்தான் கைராசி" என்று மட்டும் மேனேஜர் சொன்னார். அவரே இரண்டு டிஸ்க்கையும் தூக்கி, மூடியைக் கழற்றிப் பெட்டிகளில் ஏற்றினார். மூடிகளில் ஒட்டிய சீட்டு தெரியாத அளவுக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"சார், சீட்டத் தொடச்சு ஒருக்கா பாத்துக்கிருவோம் சார்" என்றான் மலைச்சாமி.

"ராகு காலம் வரப் போகுதுப்பா. சாமிக்கு வச்ச சந்தனத்தத் தொடப்பாங்களா யாராச்சும்?"

அவன் என்னிடம் திரும்பினான். "அண்ணே, அந்தக் கடைசி எழுத்தையாவது போடாதீகண்ணே. அது கேக்கட்டும்."

"சும்மா நில்லுடா" என்றேன். அடித்தேன். பிரதி எடு, பூஜ்யத்திலிருந்து, ஒன்றுக்கு, கேட்காதே.

அசல் பூஜ்யத்தில் இருந்திருக்க வேண்டும், ஆனால் டிஸ்க்குகள் இடம் மாறியிருந்தன. பூஜ்யத்தில் இருந்தது பங்குனியில் எடுத்த பழைய நகல். அது புது அசலின் மேல் ஏறியது. ஆறு மாத வருகை அழிந்துகொண்டிருந்தபோது நாங்கள் பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம். கற்பூர வாசனையோடு மிஷின் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

4

இரண்டு நாள் கழித்துப் பட்டியல் அச்சடித்தபோது வருகை பங்குனியோடு நின்றது. பார்த்ததும் மேனேஜருக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அறைக் கதவைச் சாத்தினார்.

"மிஷின் யார் பேர்ல தெறந்திருந்துச்சு?"

"மலைச்சாமி பேர்ல சார்."

"பேப்பர்ல விழுந்ததும் அவன் பேருதான?"

"ஆமா சார்."

"அப்பச் சரி."

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். 'நான்தான் சார் அடிச்சேன்' என்று நான் சொல்லவில்லை, 'நீதானப்பா அடிச்ச' என்று அவரும் சொல்லவில்லை. அவன் இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். இதை இப்போது யோசித்துச் சொல்லவில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மில் நிர்வாகத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். மிஷினில் இல்லாத நாளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வருடம் ஒரு பதிலியும் நிரந்தரமாகவில்லை. தப்பு செய்தவனை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று கீழே ஒரு வரி சேர்த்து, மலைச்சாமி பெயர் விழுந்திருந்த காகிதத்தையும் பக்கத்தில் ஒட்டினார்கள்.

மலைச்சாமி கணக்கு முடித்துக்கொண்டு வெளியே போனது மத்தியான ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் பதிலிகள் நின்றிருந்தார்கள். நான் மாடி வராந்தாவில் கையில் டீயோடு நின்றேன்.

"நான் அடிக்கலண்ணே. சேகரண்ணன்தான் அடிச்சுச்சு. அதுகிட்டயே கேளுங்க, மேலதான் நிக்கிது" என்று மலைச்சாமி கையை உயர்த்தி என்னைக் காட்டினான். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் ஒரு வாய் டீ குடித்தேன்.

"பேப்பர்ல ஒன் பேருல்லடா போட்டுருக்கு. படிச்சவுகதான வாசிச்சுச் சொன்னாக" என்றார் கருப்பையா. முதல் அடி அவர்தான் அடித்தார், செருப்பைக் கழற்றி. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் கை வைத்தார்கள். கூடப் பிறந்தவனே அடிக்கும்போது அவர்களுக்கென்ன தயக்கம்? மலைச்சாமி தலையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டு விழுந்தது. யாரோ அதை மிதித்துக்கொண்டே அடித்தார்கள்.

அடுத்த வருடம் என் மைத்துனர் கனடாவுக்குக் கூப்பிட்டார். என் நேர்மையையும் கவனத்தையும் புகழ்ந்து மேனேஜர் அருமையான சான்றிதழ் ஒன்று கொடுத்தார்.

5

மலைச்சாமி கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பேரம் பேசினேன். முதலில் நீ படிவத்தை அனுப்பு, பின்னால் எழுதுகிறேன் என்று கடிதம் போட்டேன். எழுதுங்கள், பத்திரிகை வந்ததும் அனுப்புகிறேன் என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னிடம் அவன் எச்சரிக்கையாக இருக்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

மனைவி சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு இது புதுச் செய்தி. மறுநாள் வந்து சொன்னாள்: "ஏங்க, ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எங்கண்ணன் வீட்டுச் சம்பந்தகாரக அம்புட்டுப் பேரும் அந்தப் புஸ்தகத்த வாங்குறாக. நாளப்பின்ன மீனாட்சிக்கு மாப்ள பாக்க வேண்டாமா? அவன் அடி வாங்குனது வாங்கிட்டான். இப்ப எழுதுனா அந்தத் தழும்பு போயிருமா?"

எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, 'ஒரு மில்லில் ஒரு நண்பர்' என்று எழுதட்டுமா என்று மலைச்சாமியைக் கேட்டேன். ஒரு கடிதம் போகப் பத்து நாள், வரப் பத்து நாள். ஜோன் கெடுவை இரண்டு முறை தள்ளிப்போட்டாள்.

"பேர் இல்லாவிட்டால் யார் அண்ணே நம்புவார்கள்?" என்று எழுதியிருந்தான். "அண்ணனுக்கு நெஞ்செல்லாம் பஞ்சு அடைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். கடைசிக் கட்டம் என்கிறார்கள். அது கண்ணை மூடுவதற்குள் ஒரு வாட்டி மலைச்சாமி என்று என்னைக் கூப்பிட்டால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். நாலு வரி எழுதினால்கூடப் போதும். சீக்கிரம் எழுதுங்கள்."

அந்த வாரம் நான் எழுதி அனுப்பியதுதான் கறிவேப்பிலைக் கட்டுரை. நன்றாக வந்திருந்தது. எழுதும்போது இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

6

போன மாதம் பேரையூரிலிருந்து கனமான உறை வந்தது. உள்ளே படிவம் இருந்தது. எல்லாக் கட்டத்தையும் அழகான ஆங்கிலத்தில் டைப் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டிருந்தான். அதோடு ஒரு சின்னக் காகிதம்.

"சேகரண்ணனுக்கு. அண்ணன் போன வெள்ளிக்கிழமை தவறிவிட்டது. கடைசி வரைக்கும் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. நான் வாயில் ஊற்றப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனிமேல் நீங்கள் எழுத வேண்டாம். பாரம் அனுப்பியிருக்கிறேன். அதை வீட்டில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. மலைச்சாமி."

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: 'உங்களுக்குத் தெரிந்து இவருடைய கவனக்குறைவால் எப்போதாவது தகவல் அழிந்ததுண்டா?' இல்லை என்று அடித்திருந்தான். பத்தாவது: 'இவரோடு மறுபடியும் வேலை செய்யச் சம்மதிப்பீர்களா?' அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான்.

ஜோன் அதைத்தான் சுட்டிக் காட்டினாள். "இதை விட்டுவிட்டாரே?"

"அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தனக்குப் பொருந்தாது என்று நினைத்திருப்பார்" என்றேன். தடுமாறாமல் வந்தது. அவள் சிரித்தபடி முத்திரை குத்தினாள். இவ்வளவு தூரத்திலிருந்து உங்களுக்காக மெனக்கெட ஒரு நண்பர் இருக்கிறாரே, அதிர்ஷ்டக்காரர் நீங்கள் என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் அந்த வேலையில் சேர்ந்தேன். இப்போது டிஸ்க் பெட்டிகள் அத்தனையும் என் பொறுப்பு. இந்தக் குறிப்பை யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. சாந்திகூட இப்போது, "எழுதுனா எழுதிட்டுப் போங்க" என்கிறாள். நாலு வரி எழுத நான்கு மாதம் முடியாதவனுக்கு இத்தனை பக்கமும் இரண்டே நாளில் வந்துவிட்டது. வேலை கைக்கு வந்துவிட்டது, கருப்பையாவும் போய்விட்டார். இனி உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.